அக்டோபர் பக்கங்கள்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அறுபது வயது ஆகிறதாம். மலர் போடுகிறார்களாம். பழைய ஆசிரியர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லி, புதிதாக வந்திருக்கும் தலைமை ஆசிரியர் போன வாரம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சின்ன வயசுக்காரர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. அவர் கையிலிருந்த பட்டியலில் சனோபரின் பெயருக்கு எதிரே "ஆங்கிலம், 1985 முதல் 2004 வரை" என்று இருந்தது. "நீங்க அவங்களுக்கு ரொம்ப நெருக்கமாச்சே கரோமத் அம்மா. நல்லதா நாலு வரி போதும்" என்றார். நெருக்கமாம்! தேநீர் கொடுத்து அனுப்பி வைத்தேன். நாலு வரியில் அடங்குகிற விஷயமா இது? மலரில் போட்டால் போடட்டும், கிழித்துக் குப்பையில் எறிந்தாலும் எறியட்டும். எனக்கு அறுபத்தெட்டு வயது. இனி என்னை யார் என்ன செய்துவிட முடியும்?

சனோபர் வாய்க்காலுக்குக் கீழே இருந்த அரசுப் பண்ணையிலிருந்து வந்தவள். அப்பா தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். மாகாணத் தலைநகரில் ஐந்து வருடம் ஆங்கிலம் படித்துவிட்டு, இருபத்து மூன்று வயதில் எங்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். நான் அப்போதே ஆறு வருடம் கணக்கு எடுத்து முடித்திருந்தேன். ஒல்லியாக, உயரமாக, தலைத்துணியை எப்போதும் கோணலாகக் கட்டிக்கொண்டு வருவாள். கல்யாணமாகி ஏழாம் மாதமே பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பியவள். என்ன காரணம் என்று நாங்கள் துருவித் துருவிக் கேட்டோம். "அவருக்கு நான் பேசுறது பிடிக்கல" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு என்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

ஆங்கிலம் பேசுகிற ஒரு வெள்ளைக்காரரை அவள் வாழ்நாளில் கண்டதில்லை. ஆனாலும் பேச்சு மறந்துவிடக் கூடாது என்று தினமும் காலையில் பள்ளிக் காவலாளியின் நாயோடு ஆங்கிலம் பேசுவாள். "தப்பாப் பேசினா நாய் சிரிக்காது அக்கா. நீங்க சிரிப்பீங்க" என்பாள். அந்த நாய்தான் முதலில் பரீட்சை பாஸாகப் போகிறது என்று நாங்கள் கேலி செய்வோம். அவளும் சேர்ந்து சிரிப்பாள். கோபித்துக்கொள்ளத் தெரியாத பிறவி. தெரிந்திருந்தால் தேவலை.

ஆறாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பாடம் உண்டு. தினமும் செய்வதைச் சொல்ல ஒரு வினைச்சொல், நேற்றுச் செய்து முடித்ததைச் சொல்ல வேறொன்று. எந்த இடத்தில் எது வரும் என்று பார்த்துப் பொறுக்கி எழுத வேண்டும். சனோபருக்கு அந்தப் பாடத்தின் மேல் அப்படி ஒரு ஆசை. முதல் வருடம் வேலைக்கு வந்த கையோடு, அட்டையை வெட்டி நூற்று இருபது சீட்டுகள் செய்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு படம், ஒரு வாக்கியம். வாக்கியத்தில் வினைச்சொல் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. வகுப்பின் குறுக்கே ஒரு கயிறு கட்டுவது. ஜன்னல் பக்கம் நிகழ்காலம், சுவர்ப் பக்கம் இறந்தகாலம். பிள்ளை ஒரு சீட்டை எடுத்துப் படித்துவிட்டுச் சரியான பக்கம் தாண்டிக் குதிக்க வேண்டும். தப்பான பக்கம் குதித்தால் கோழி மாதிரிக் கூவ வேண்டும். அதுதான் விளையாட்டு.

ஆகஸ்டு மாதம், பள்ளி திறப்பதற்கு முன்னால், ஆசிரியர் அறையில் எங்களை வைத்து அதை ஒத்திகை பார்த்தாள். எனக்கு ஆங்கிலம் ஒரு அட்சரம் தெரியாது. குருட்டாம்போக்கில் குதித்தேன். உடற்பயிற்சி வாத்தியார் ஐந்து முறை கூவினார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. "பிள்ளைங்க இன்னும் நல்லாச் சிரிப்பாங்க பாருங்க" என்று சொல்லிக்கொண்டே சீட்டுகளை ஒரு செருப்புப் பெட்டியில் அடுக்கினாள்.

அந்தப் பாடம் அக்டோபர் முதல் வாரத்தில் வரும். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் ஊரில் செப்டம்பர் பாதியானால் பள்ளிக்கூடத்து வாசலில் டிராக்டர் டிரெய்லர்கள் வந்து நிற்கும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகள், ஆசிரியர்கள், ஆயா, காவலாளி எல்லோரும் பருத்திக்காட்டுக்கு. நவம்பர் முடியும் வரை திரும்புகிற பேச்சு கிடையாது. இடுப்பில் துணிப்பையைக் கட்டிக்கொண்டு விடிந்ததிலிருந்து குனிந்தால், பெரியவர்கள் ஆளுக்கு அறுபது கிலோ, பிள்ளைகள் நாற்பது எடுத்தாக வேண்டும். காய்ந்த காய் முனை விரலைக் கிழிக்கும். வரப்பு முனையில் நோர்முரோத் தராசோடு உட்கார்ந்திருப்பான். அந்த வயல்களுக்கு அவன்தான் மேஸ்திரி. ஈரப் பஞ்சு என்று சொல்லி எடையில் கழிப்பான், மண் என்று சொல்லிக் கழிப்பான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை நாற்பது கிலோ எடுத்துக்கொண்டு போய் நின்றால் முப்பத்து நாலு என்று எழுதுவான். மீதி ஆறு கிலோவை எடுக்க அது மறுபடியும் வயலுக்குள் இறங்க வேண்டும்.

சோவியத் காலத்தில் அப்படித்தான் இருந்தது. தனி நாடானோம், கொடி மாறியது, பாட்டு மாறியது. டிராக்டர் மட்டும் அதே தேதிக்கு வந்து நின்றது.

டிசம்பரில் திரும்பி வந்ததும் எங்களுக்கு வேறொரு வேலை காத்திருக்கும். பாடப் பதிவேடு. இரண்டரை மாதப் பக்கங்கள் வெள்ளையாகக் கிடக்கும். வெள்ளையாக விடக் கூடாது. பாடத்திட்டத்தைப் பார்த்துத் தேதி போட்டு, தலைப்புப் போட்டு, வீட்டுப்பாடம் என்ன கொடுத்தோம் என்று எழுதி, பிள்ளைகளுக்கு மதிப்பெண்ணும் போட வேண்டும். ஆசிரியர் அறையில் கணப்பைச் சுற்றி உட்கார்ந்து, கீறல் ஆறாத விரல்களால் எல்லோரும் எழுதுவோம். நான் இருபடிச் சமன்பாடு நடத்தியதாக எழுதுவேன். சனோபர் இறந்தகால வினைச்சொல் எட்டு வகுப்பு நடத்தியதாக எழுதுவாள். "உன் வகுப்புல குண்டுப் பையனுக்கு அஞ்சுக்கு அஞ்சு போடு, பாவம், நல்லாப் பருத்தி எடுத்தான்" என்று சொல்லிச் சிரிப்போம். ஆமாம், சிரித்தோம். அது பொய் என்றுகூட எங்களுக்குத் தோன்றவில்லை. குளிர்காலத்துக்கு நிலக்கரி வாங்கி வைப்பது போல் வருடா வருடம் நடக்கிற வேலை, அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்பில் அதே பாடம் கொஞ்சம் பெரிதாக வரும். அதுவும் அக்டோபர். எட்டிலும் அப்படித்தான். புத்தகம் எழுதியவர் எந்த ஊர்க்காரரோ, எங்கள் ஊர் நாட்காட்டியைப் பார்க்கவில்லை.

ஒரு வருடம் டிசம்பரில் சனோபர் செருப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். கயிறு கட்டி முடிப்பதற்குள் தலைமை ஆசிரியர் மாமரஜப் வந்துவிட்டார். எல்லார் முன்னாலும் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ரகம் இல்லை. தன் அறைக்குக் கூப்பிட்டுப் பதிவேட்டை விரித்துக் காட்டினார் என்று பிறகு அவளே என்னிடம் சொன்னாள். அக்டோபரில் முடித்ததாக எழுதியிருக்கும் பாடத்தை டிசம்பரில் மறுபடி எடுத்தால், அக்டோபரில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று மேலிருந்து கேட்பார்களா மாட்டார்களா? கேட்டால் யார் தலை உருளும்? அவள் கயிற்றை அவிழ்த்து, பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டாள். எழுதியபடிதான் நடக்க வேண்டும் என்றால், எழுதியாகிவிட்ட பாடத்துக்கு அந்த வருடத்தில் இடமே கிடையாது.

பத்தொன்பது வருடம். பத்தொன்பது வருடத்துப் பிள்ளைகள். எங்கள் ஊரில் ஆங்கிலம் படித்தவன் எவனும் நேற்று நடந்ததைச் சொல்லமாட்டான். சனோபருக்குத் தெரியும் அது. தெரிந்துதான் இருந்தாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு இன்னொரு கூத்து. வெளிநாட்டுக்காரர்கள் கேமராவும் கையுமாகப் பருத்திக்காட்டுப் பக்கம் திரிகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிடித்துக் கேள்வி கேட்கிறார்கள் என்று மேலிருந்து தகவல் வந்தது. மாமரஜப் சனோபரைக் கூப்பிட்டார். பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பதில் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அவளும் எழுதினாள், சின்னதாக இரண்டு வாக்கியம். "வீ ஸ்டடி எவ்ரி டே. வீ டு நாட் பிக் காட்டன்." தினமும் படிக்கிறோம், பருத்தி எடுப்பதில்லை. செப்டம்பர் முதல் இரண்டு வாரமும் எல்லா வகுப்பிலும் அதுதான் ஆங்கிலப் பாடம். பிள்ளைகள் பல் தேய்த்துக்கொண்டே சொல்கிற அளவுக்குப் பழகிவிட்டார்கள். டிரெய்லரில் ஏறி உட்கார்ந்து, பருத்திக்காட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதைப் பாட்டாகப் பாடிக்கொண்டு போவார்கள். எந்த வெளிநாட்டுக்காரனும் வரவில்லை.

நோர்முரோத்தின் மகள் முனிசா அந்தப் பாட்டுக்காரர்களில் ஒருத்தி. கெட்டிக்காரப் பெண். எங்கள் பள்ளியில் எனக்குத் தெரிந்து அப்படி ஒரு மூளை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. சனோபர் படித்த அதே இடத்தில் படித்து ஆங்கில ஆசிரியை ஆக வேண்டும் என்று ஆறாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோராம் வகுப்பில், நுழைவுத் தேர்வுக்கு முன்னால், வசந்தகாலம் பூராவும் வீட்டுக்கு வந்து பாடம் கேட்டுக்கொள்ளட்டும், விட்டுப்போனதை எல்லாம் சொல்லித் தருகிறேன் என்று சனோபர் தானே போய் நோர்முரோத்திடம் கேட்டாள். அவன் ஒப்பவில்லை. வசந்தத்தில் பட்டுப்புழுவுக்கு இலை யார் பறித்துப் போடுவது என்றான். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராததை வீட்டில் என்ன சொல்லித் தரப் போகிறாய் என்றும் கேட்டானாம்.

ஆகஸ்டு முதல் தேதி தேர்வு. முனிசா கணக்கில் நன்றாக எழுதியிருந்தாள், அது என் பாடம். தாய்மொழியிலும் குறையில்லை. ஆங்கிலத்தில் ஒரு பகுதி முழுக்க அந்தப் பாடம்தான் வந்திருந்தது, இரண்டில் சரியான வினைச்சொல்லைப் பொறுக்கச் சொல்லி. எல்லாவற்றுக்கும் நிகழ்காலத்தையே குறித்துவிட்டு வந்திருக்கிறாள் அந்தப் பெண். நாலு மதிப்பெண்ணில் இடம் போயிற்று.

நோர்முரோத் ஊரைக் கூட்டினான். ஆங்கில வாத்தியாரம்மா ஒன்றும் சொல்லித் தரவில்லை, என் பெண்ணின் வாழ்க்கையே போச்சு என்று கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதிப் போட்டான். பெண்ணின் முதுகை வளைத்து எடை போட்டு ஆறு கிலோ கழித்த கை, அதே கை, மனு எழுதியது! செப்டம்பர் முதல் வாரம் விசாரணைக் குழு வருகிறது என்று தகவல் வந்தது.

முந்தின நாள் மத்தியானம் சனோபர் என் வீட்டுக்கு வந்தாள். நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நாளைக்கு உண்மையைச் சொல்லப் போறேன் அக்கா" என்றாள். "அந்தப் பாடம் நடக்கவே இல்லைன்னு சொல்லப் போறேன். நான் மட்டும் சொன்னா, தப்பிக்கிறதுக்காக உளறுறான்னு சொல்லிடுவாங்க. நீங்களும் சொன்னா ரெண்டு பேர் ஆயிடுவோம்."

"பதிவேட்டுல நம்ம கையெழுத்து இருக்கே, சனோபர்."

"இருக்கட்டும். உங்களைக் கெஞ்சிக் கேக்கிறேன். இந்த வேலை போச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

பார்க்கலாம் என்றேன். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்றால் சரி என்றும் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். சூடான ரொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, முகம் தெளிந்து போனாள். அந்த மாதம்தான் மாமரஜப் என் மகளுக்கு எங்கள் பள்ளியிலேயே ஒரு வேலை போட்டுக் கொடுத்திருந்தார். அவளுக்கு டிசம்பரில் கல்யாணம். இதையெல்லாம் நான் சனோபரிடம் சொல்லவில்லை.

குழுவில் இரண்டு பேர். கல்வி அலுவலகத்து அம்மா ஒருத்தி, மாகாணத்திலிருந்து ஆங்கிலம் தெரிந்த இளைஞன் ஒருவன். அந்த அம்மாவை எங்களுக்கு நன்றாகத் தெரியும். வருடா வருடம் அக்டோபரில் நோட்டுப் புத்தகத்தோடு பருத்திக்காட்டுக்கு வந்து, எந்தப் பள்ளி எத்தனை டன் எடுத்தது என்று கணக்குக் கேட்டு எங்களைக் கிழிகிழி என்று கிழிப்பவள் அவள்தான். அன்றைக்கு ஆசிரியர் அறையில் மேஜை நிறையப் பதிவேடுகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எல்லோரும் சுவரோரமாக. நோர்முரோத் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு ஒரு நாற்காலியில்.

முனிசாவின் வகுப்புப் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசித்தாள். ஆறாம் வகுப்பு, அக்டோபர், எட்டுப் பாடம். ஏழாம் வகுப்பு, அக்டோபர், பத்துப் பாடம். எட்டாம் வகுப்பு, அக்டோபர், பத்து. வீட்டுப்பாடம் தரப்பட்டது. மதிப்பெண் வழங்கப்பட்டது. முனிசாவுக்கு எல்லாவற்றிலும் ஐந்துக்கு ஐந்து. மூன்று வருடமாக ஒரே விஷயத்தை நடத்தியும் நல்ல மூளையுள்ள பெண்ணுக்கு அதில் அரிச்சுவடி தெரியவில்லை என்றால், நடத்தியவரைப் பற்றி என்ன நினைப்பது என்று கேட்டாள்.

சனோபர் எழுந்து நின்றாள்.

"அந்தப் பாடம் ஒண்ணுகூட நடக்கல. அக்டோபர்ல பிள்ளைங்க பருத்திக்காட்டுல இருந்தாங்க. நானும்தான் இருந்தேன். உங்களை நான் அங்கதான் பார்த்திருக்கேன்."

மாமரஜப் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"எந்தப் பருத்திக்காடு?" என்று கேட்டாள்.

நோர்முரோத்தைக் கேட்டார்கள். அவன் எழுந்து, தன் வயலில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றுகூடக் கால் வைத்ததில்லை, ரொட்டி மேல் சத்தியம் என்றான். அவன் என்ன செய்வான்? வேறு மாதிரிச் சொன்னால் மேஸ்திரி வேலையும் போகும், தராசும் போகும். அவனை எனக்குப் பிடிக்காது. ஆனால் அன்றைக்கு அவன் என்னைவிட மோசமானவன் இல்லை.

பிறகு முனிசாவை உள்ளே கூப்பிட்டார்கள். அந்த இளைஞன் கொஞ்சம் தன்மையானவன். அவளை உட்காரச் சொல்லி, ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். போன அக்டோபரில் என்ன செய்தாய் என்று கேட்டானாம், பிறகு தெரிந்தது. முனிசாவுக்குக் கேள்வியில் எவ்வளவு புரிந்ததோ. அறிமுகமில்லாத ஆள், ஆங்கிலம், அக்டோபர் என்ற சொல். அது போதும். பெண் விறைப்பாக எழுந்து நின்றாள். நாலு வருடமாகப் பழகிய குரலில், தங்குதடையில்லாமல் ஒப்பித்தாள்.

"வீ ஸ்டடி எவ்ரி டே. வீ டு நாட் பிக் காட்டன்."

சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று சனோபரைத் திரும்பிப் பார்த்தாள். எப்போதும் அப்படித்தான் பார்க்கும் அந்தப் பெண்.

சனோபர் உட்கார்ந்துவிட்டாள். இளைஞன் காகிதத்தில் எதையோ எழுதினான், தலை நிமிரவில்லை. அவனுக்குப் புரிந்திருக்கும் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். அந்த அம்மா எங்கள் பக்கம் திரும்பினாள். வேறு யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, என்னைப் பார்த்தாள்.

"கரோமத், நீங்க இங்க மூத்தவங்க. போன அக்டோபர்ல நீங்க எங்க இருந்தீங்க?"

சனோபர் என்னைப் பார்த்தாள். பயந்த பார்வை இல்லை அது. நம்பிக்கையோடு பார்த்தாள், பாவி.

"நான் கணக்குப் பாடம் எடுத்துக்கிட்டிருந்தேன்" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. என் கட்டைவிரலில் போன வருடத்துக் கீறலின் தழும்பு இருந்தது. கையை மடக்கிக்கொண்டேன்.

பாடம் நடத்தத் தகுதியற்றவர் என்று உத்தரவு வந்தது. வேலையிலிருந்து நீக்கம், ஆனால் டிசம்பர் முதல் தேதியிலிருந்து. ஏனென்றால் அந்த வருடப் பருத்திப் பட்டியல் ஏற்கெனவே மேலே போய்விட்டது. எங்கள் பள்ளிக்கு முப்பத்தொரு ஆசிரியர் என்று எண்ணிக்கை கொடுத்தாகிவிட்டது. ஒரு ஆள் குறைந்தால் அறுபது கிலோ குறையும். ஆகவே, பாடம் நடத்தத் தகுதியில்லாத சனோபர் செப்டம்பர் பதினாறாம் தேதி எங்களோடு டிரெய்லரில் ஏறி, எந்தப் பருத்திக்காடு என்று கேட்டார்களே, அந்தப் பருத்திக்காட்டுக்கு வந்தாள்.

என் பக்கத்து வரிசை அவளுக்கு. இரண்டரை மாதம் பக்கத்திலேயே குனிந்து எடுத்தோம். என்னோடு அவள் பேசவில்லை. நானும் என்ன முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது? தேநீர்க் கோப்பையை நீட்டினால் வாங்கிக்கொள்வாள். அதுதான் என்னைக் கொன்றது. தட்டிவிட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். முனிசாவும் அந்த வருடம் அங்கேதான் பருத்தி எடுத்தாள், இடம் கிடைக்காத பெண்ணுக்கு வேறு எங்கே போக்கிடம்? ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் சனோபருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், நீங்க சொல்லிக்கொடுத்ததைத்தான் நான் சொன்னேன்" என்றாள். அழுகிற மாதிரி இருந்தாள்.

"சரியாத்தான் சொன்ன, கண்ணு" என்றாள் சனோபர். "ஒரு தப்பு இல்ல. போ, எடை போடு."

நவம்பர் கடைசியில் ஒரு நாள் காலை மாமரஜப் வயலுக்கு ஜீப் அனுப்பி என்னை மட்டும் வரவழைத்தார். அவர் அறை மேஜையில் ஆங்கிலப் பதிவேடு விரித்துக் கிடந்தது. செப்டம்பர் பாதிக்குப் பிறகு எல்லாம் வெள்ளை. முந்தின நாள் சனோபரை வரவழைத்து எழுதச் சொல்லியிருக்கிறார். நடக்காததை இனி எழுதமாட்டேன், வேலையை எடுத்துவிட்டீர்கள், இன்னும் எடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாளாம். மாமரஜப் களைத்துப்போயிருந்தார். கண்ணுக்குக் கீழே பை தொங்கியது.

"வேற யார்கிட்ட கேப்பேன், கரோமத்? உங்க கையெழுத்து அழகா இருக்கும். பொண்ணுக்குக் கல்யாணம் எப்போ, பன்னண்டாம் தேதியா?"

எழுதினேன். முந்தின வருடப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தேன். அக்டோபர் நாலு, இறந்தகால வினைச்சொல். அக்டோபர் ஆறு, இறந்தகாலமும் நிகழ்காலமும், வேறுபாடு. வீட்டுப்பாடம், நேற்று நான் செய்தவை பற்றிப் பத்து வாக்கியம். அவள் கையெழுத்துப் போலவே வலப்பக்கம் சாய்த்து எழுதினேன். குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோரும் அதில் ஒரு கோடு போட்டுவிடுவோம். அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியதோ, கோடு போட மனசு வரவில்லை. எங்கள் மொழியில் எழுதினேன்: "கயிறு கட்டிச் சீட்டு விளையாட்டு நடத்தப்பட்டது. மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்." அவளுக்கு ஏதோ நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன் போலிருக்கிறது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்தப் பக்கங்களை அடுத்த வருடம் பார்த்துவிட்டு, எங்கள் பள்ளி ஆங்கிலப் பதிவேட்டை முன்மாதிரி என்று கல்வி அலுவலகம் பாராட்டியது. பாராட்டுத் தாள் ரொம்ப நாள் ஆசிரியர் அறைச் சுவரில் தொங்கியது. முனிசா அடுத்த வருடமும் இடம் கிடைக்காமல், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். சனோபர் தலைநகர்ச் சந்தையில் பொத்தானும் நூலும் விற்கிறாள் என்று கேள்வி. நான் அந்தச் சந்தைக்குப் போவதில்லை. பொத்தான் அறுந்தால் ஊக்கு குத்திக்கொள்கிறேன்.

ஆனால் அவளைக் கடைசியாகப் பார்த்த நாளைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. டிசம்பர் முதல் தேதி, தன் சாமான்களை எடுத்துக்கொண்டு போக வந்தாள். ஆசிரியர் அறையில் நான் மட்டும் இருந்தேன். மற்றவர்கள் வகுப்பில். அலமாரியைத் திறந்து அகராதியை எடுத்தாள், வகுப்புக்குள் போட்டுக்கொள்ளும் செருப்பை எடுத்தாள், அந்தப் பெட்டியை எடுத்துத் தூசு தட்டினாள். பதிவேடு மேஜை மேல் இருந்தது. யார் விரித்து வைத்தார்களோ, அக்டோபர் பக்கத்தில் திறந்து கிடந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டி, கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தாள். குறிப்புக் கட்டத்துக்கு வந்ததும் அங்கேயே நின்றாள். நான் எழுதியது என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? பத்தொன்பது வருடம் எதிர் எதிரே உட்கார்ந்து எழுதியவர்கள் நாங்கள்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும், காறித் துப்பட்டும் என்றுகூட நினைத்தேன்.

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்த இரண்டரை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினாள்.

"பிள்ளைங்க சிரிச்சாங்களா அக்கா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. என்ன என்றேன்.

"இந்த விளையாட்டு நடந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களே. சிரிச்சாங்களா? கோழி மாதிரிக் கூவினாங்களா? எனக்கு ரொம்ப நாளாத் தெரிஞ்சுக்கணும்னு ஆசை."

குத்திக்காட்டக் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா என்று இருபது வருடமாக யோசிக்கிறேன். அவள் முகத்தில் குத்தல் இல்லை. தலைத்துணியைச் சரி செய்துகொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். மணி அடித்தது. நான் சாக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு, நடத்தி முடித்ததாக எழுதியிருந்த பாடத்துக்கு அடுத்த பாடத்தை நடத்தப் போனேன்.